மாதிரிக் குழாய்

இந்தக் கதையில் வருகிற தையற்காரர் யார் வம்புக்கும் போகாதவர். தைத்த சட்டை அளவு தப்பிப் போனால்கூட, "உங்க மேல தப்பில்லைங்க, என் இஞ்சு டேப்புதான் இழுத்துடுச்சு" என்று டேப்பின் மேல் பழியைப் போடுகிற மனுஷர். அப்படிப்பட்டவர் குடிநீர் வாரியத்தோடு மோதினார் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், கண்ணுகளா. அவர் மோதவில்லை. கேட்டார். அவ்வளவுதான்.

அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்கு ஐந்து மாதம் ஆனபோது வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் மாறிப்போனது. காலை ஆறு மணிக்குத் திறந்தால் முதல் பத்து நிமிஷம் பால் விடாத தேநீர் நிறத்தில் வரும். பிறகு நிறம் விலகிக்கொள்ளும். நாற்றம் மட்டும், ஏழரைக்குத் தண்ணீர் நிற்கிறவரை விசுவாசமாகக் கூடவே இருக்கும். என்ன நாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்களாக இருக்கலாம்.

அவர் மனைவி மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் குழந்தையின் துணிகளை மடித்து ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஆறு மாசம் முடியற வரைக்கும் பால் மட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுக்கலாம்னாங்க. இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. அதுக்குள்ள தண்ணியைச் சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க. நான் அக்கா வீட்ல இருக்கேன்."

"சரியாகலைன்னா?"

"எம் பொண்ணு குடிக்கிற முதல் வாய்த் தண்ணி இதுவா இருக்காது. நான் அங்கேயே இருந்துக்கறேன். நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்கமாட்டார். ஒரு சின்னச் சட்டையை நாலாக மடித்தபடி சொன்னாள். அன்றைக்கே அவர் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, ஒரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

வாரியம் நாலு மாடிக் கட்டடம். 'ஒவ்வொரு துளியும் எங்கள் பொறுப்பு' என்று வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. உள்ளே ஒவ்வொரு மேசையிலும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் இருந்தது. புகார்ப் பிரிவு எழுத்தர் தன் பாட்டிலைத் தூக்கி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்.

"குழாய்ல என்ன கோளாறு?"

"குழாய்ல கோளாறு இல்லைங்க. தண்ணிலதான். கலங்கலா வருது, நாறுது."

எழுத்தர் படிவத்தை அவர் பக்கம் திருப்பிவைத்தார். "இதைப் படிங்க. குழாய் ஆடுகிறது, குழாய் இறுகிவிட்டது, குழாய் திருடு போய்விட்டது. மூணு கட்டம் இருக்கு. உங்களுக்கு எது?"

"இதுல எதுவும் இல்லைங்களே."

"அப்ப குழாய் நல்லா இருக்கு."

"குழாய் நல்லாத்தாங்க இருக்கு, ஆனா…"

"குழாய் நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுத்தர் எழுதினார். "வாடிக்கையாளர் திருப்தின்னு போட்டிருக்கேன். கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

தையற்காரர் கையெழுத்துப் போடவில்லை. சண்டையும் போடவில்லை. அங்கேயே நின்றார். நாளெல்லாம் வெட்டுமேசை முன்னால் நின்று பழகியவர்களுக்கு நிற்பது ஒரு வேலையே இல்லை. எழுத்தருக்குத்தான் சாப்பாட்டு நேரம் வந்தது. "இரண்டாவது மாடியில பரிசோதனைக்கூடம் இருக்கு, அங்க போய் நில்லுங்க" என்று மேலே அனுப்பிவைத்தார்.

பரிசோதனைக்கூடத்தில் ஒரே ஒரு பெண் இருந்தாள். வாரியம் முழுக்க அவளைப் 'பாட்டில் பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தில் எங்கே போனாலும் காலி பாட்டில்களும் ஐஸ் பெட்டியுமாகத்தான் போவாள். தையற்காரரின் பாட்டிலை மூடி திறந்து ஒரு தடவை முகர்ந்தாள். உடனே மூடினாள்.

"அண்ணே, இதுல சாக்கடை கலந்திருக்கு."

"அப்ப சரிபண்ணிடுவீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சா பத்தாது, காகிதத்துக்குத் தெரியணும். வாராவாரம் நானே வந்து உங்க குழாய்ல பிடிச்சு, நாலு தடவையும் கெட்டதுன்னு எழுதினாத்தான் மண்ணைத் தோண்டுவாங்க."

"நாலு வாரம்னா இருபத்தெட்டு நாளுங்களே. எனக்கு இருபத்தாறுதான் இருக்கு."

அவர் குழந்தையைப் பற்றிச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்து, "சரி, மூணு தடவைன்னு போடறேன்" என்றாள். கோப்பில் ஒரே வரி எழுதினாள்: 'இந்த வீட்டுக் குழாயை மாதிரிக் குழாயாக வைத்துக்கொள்ளலாம்.'

அவள் தொழிலில் மாதிரி என்றால், பரிசோதனைக்காகப் பாட்டிலில் பிடிக்கிற தண்ணீர். அது எந்தக் குழாயில் பிடிக்கப்படுகிறதோ அது மாதிரிக் குழாய். ஆனால் கோப்பு அவளிடமே இருக்க முடியாது அல்லவா? மூன்றாவது மாடிக்குப் போயிற்று. அங்கே மக்கள் தொடர்பு அதிகாரி இருந்தார். நகரத்தில் மாதிரித் தெரு, மாதிரிப் பூங்கா, மாதிரிக் கழிப்பறை எல்லாவற்றையும் திறந்துவைத்தவர் அவர். மாதிரிக் கழிப்பறை இன்றுவரை பளபளவென்று இருக்கிறது. சாவி அவரிடம்தான் இருக்கிறது. 'மாதிரிக் குழாய்' என்ற சொல்லைப் படித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாராம். இத்தனை வருஷமாக இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது என்று வருத்தப்பட்டாராம்.

மூன்றாம் நாள் தையற்காரர் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள். மண் தோண்டத்தான் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவர் ஓடிப்போய், தெருவுக்குத் தண்ணீர் பிரிகிற தெருமுனைவரை வழி ஒதுக்கிக் கொடுத்தார். அவர்கள் தெருமுனைக்குப் போகவில்லை. வாசல் சுவரில் இருந்த குழாயைச் சுற்றி நின்றார்கள். இரண்டு நாளில் குழாய்க்குப் பித்தளை மெருகு ஏறியது. சுவருக்கு நீல வர்ணம், கீழே வெள்ளை ஓடு பதித்த மேடை, சுற்றிலும் கம்பிக் கிராதி, கிராதிக்கு முன்னால் தொங்குகிற சங்கிலி. சங்கிலியில் ஒரு பலகை:

மாதிரிக் குழாய்
பார்க்கலாம். தொடக் கூடாது.

"ஐயா, தண்ணி நாறுதுங்க" என்றார் தையற்காரர்.

"தண்ணியை விடுங்க, குழாயைப் பாருங்க" என்றார் அதிகாரி. "எப்படி நிக்குது பாருங்க!"

"நான் எதுலங்க தண்ணி பிடிக்கறது?"

"பக்கத்து வீட்ல பிடிங்க. அது சாதாரணக் குழாய்தானே?"

பக்கத்து மாடிவீட்டம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, உங்க குழாய்க்குப் பட்டாபிஷேகம் ஆயிடுச்சு போல! எங்க குழாய் பாவம், இன்னும் கூலிவேலைதான் பாக்குது. வந்து பிடிச்சுக்கோங்க. ரெண்டுலயும் ஒரே சாக்கடைதான்."

அந்த வாரம் பாட்டில் பொண்ணு வந்தாள். முறையாகச் செய்கிறவள். குழாயின் வாயைச் சுடரில் வாட்டவேண்டும், இரண்டு நிமிஷம் தண்ணீரை ஓடவிடவேண்டும், பிறகுதான் பாட்டிலைத் திறக்கவேண்டும். அதற்கான சாமான்களோடு வந்து சங்கிலியைத் தூக்கினாள். நாற்காலியிலிருந்து ஒரு காவலாளி எழுந்தார். குழாய்க்கென்று முந்தின நாள்தான் அவரைப் போட்டிருந்தார்கள்.

"அம்மா, தொடக் கூடாது."

"மாதிரி எடுக்கணுங்க."

"மாதிரிக் குழாய்ல மாதிரி எடுக்கக் கூடாது."

"மாதிரி எடுக்கறதுக்குத்தாங்க இது மாதிரிக் குழாய்!"

"அது எப்படிம்மா? ஊர்ல இருக்கற குழாயெல்லாம் இதைப் பாத்து இது மாதிரி ஆகணும். அதுக்குத்தான் இது மாதிரி. நீங்க திறந்துவிட்டு, தண்ணி நாறிச்சுன்னு வைங்க, அப்புறம் இது மாதிரியா இருக்குமா, மத்தது மாதிரி இருக்குமா?"

காவலாளியின் பேச்சில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

அவள் மேலிடத்துக்கு எழுதினாள். ஒரு வாரம் கழித்து, 'குழாயைத் திறக்காமல் மாதிரி எடுக்கவும்' என்று பதில் வந்தது. மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனாள். தையற்காரரும் கூடப் போனார்.

"குழாயைத் திறக்காம எப்படி சார் தண்ணி வரும்?"

அதிகாரி சிரித்தார். "ஏம்மா இவ்வளவு சிக்கலா யோசிக்கறீங்க? மாதிரிதானே வேணும்? மாதிரி மாதிரி ஒண்ணு எடுத்துட்டுப் போங்களேன்." தன் மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் அந்தப் பாட்டிலையும் முறையாகத்தான் சோதித்தாள். சோதனையில் குற்றம் இல்லை, தண்ணீரில் குற்றம் இல்லை. 'எடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'அதிகாரியின் மேசை' என்று எழுதியும் வைத்தாள். பத்திரிகைக்குப் போனபோது இடம் போதவில்லை என்று அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள். 'நகரக் குடிநீர் நூற்றுக்கு நூறு' என்று முதல் பக்கத்தில் வந்தது. பக்கத்தில் குழாயின் படம். படத்தின் ஓரத்தில் தையற்காரரின் முழங்கை தெரிந்தது.

அதன் பிறகு பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லா மண்டலங்களிலிருந்தும் பொறியாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி, சங்கிலிக்கு வெளியே நின்று குறிப்பு எடுத்தார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீங்க?" என்று ஒருவர் தையற்காரரைக் கேட்டார்.

"திறக்கவே விடமாட்டேங்கறாங்களேங்க."

"அதான் ரகசியம்!" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். இருவரும் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரமே நகரத்தில் நாற்பது குழாய்கள் அதே முறையில் பராமரிக்கப்பட்டன. அதாவது, மூடப்பட்டன. புகார்ப் படிவத்தில் நாலாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது: 'உங்கள் குழாய் மாதிரிக் குழாயைப் போல் இருக்கிறதா? இல்லையெனில் அவ்வாறு ஆக்கிவிட்டு வரவும்.' புகார்கள் பாதியாகக் குறைந்தன. அதற்கும் ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

இருபத்துமூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கையில் அந்தப் பத்திரிகை இருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நூத்துக்கு நூறா? அக்கா வீட்லகூட நம்பலை. எங்க, ஒரு டம்ளர் குடுங்க, பாப்போம்."

அவர் சங்கிலியைக் காட்டினார். அவள் பலகையைப் படித்தாள். கிராதியைப் பார்த்தாள். காவலாளி எழுந்து வணக்கம் சொல்லி, வருகைப் பதிவேட்டை நீட்டினார்.

"தண்ணி?"

"அப்படியேதான் இருக்கு."

"அப்ப நூத்துக்கு நூறு எது?"

"அது அதிகாரியோட பாட்டில்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். குழந்தை பளபளக்கிற குழாயைப் பார்த்துக் கையை நீட்டியது.

"இத்தனை நாளா நீங்க என்னதாங்க பண்ணீங்க?"

அவருக்குப் பொய் வராது. "வர்றவங்க எல்லாரும் பதிவேட்டுல கையெழுத்துப் போடறாங்களான்னு பாத்துக்கச் சொன்னாங்க. பாத்துக்கிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. "வெள்ளிக்கிழமையோட ஆறு மாசம். இன்னும் மூணு நாள்" என்று மட்டும் சொன்னாள். வண்டியிலிருந்து இறக்கிய பையை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. வாசலிலேயே வைத்தாள்.

அந்தப் பை அங்கேயே இருந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது. "வா, ஒருத்தரைக் கேப்போம்" என்று அவளைத் தெருமுனைக்குக் கூட்டிப்போனார்.

தெருமுனையில் மறுநாள் விழா. மாதிரிக் குழாய்க்கு வழிகாட்ட ஒரு வளைவு கட்டப் போகிறார்கள், அதற்கு அடிக்கல். வாரியத்தின் குழாய்க்காரர் ஒருவர் இடுப்பளவுக் குழிக்குள் நின்று மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகி வைத்திருப்பதால் அவர் பெயரே திருப்புளி என்றாகிவிட்டது.

"அண்ணே, எங்க வீட்டுத் தண்ணி ஏன் நாறுது?"

"இதுக்குத்தான் நாறுது" என்று திருப்புளி காலால் தட்டிக் காட்டினார். "நான் நிக்கற மண்ணுக்கு ஒரு சாண் கீழ உங்க தெருவுக்குப் போற குழாய். பக்கத்துல சாக்கடை. குழாய் ஜாயின்ட்டுல விரிசல். தண்ணி நிக்கற நேரத்துல குழாய் வெளியில இருக்கறதை உள்ள இழுக்கும். பக்கத்துல என்ன இருக்கோ அதைத்தானே இழுக்கும்? காலையில வால்வைத் திறந்தா அதுதான் முதல்ல உங்க வீட்டுக்கு வருது."

"தெரிஞ்சுகிட்டேவா சும்மா இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"தங்கச்சி, விரிசல்னா வாரியத்துல அது கசிவு. கசிவைத் தொட எட்டுக் கையெழுத்து வேணும். நான் எழுதிக் குடுத்தேன். ஏழு வரைக்கும் வந்துச்சு. எட்டாவது ஆள் ரிட்டயர் ஆயிட்டாரு. மறுபடியும் ஒண்ணுல இருந்து போகுது."

"கையெழுத்தே இல்லாம எந்த வேலையும் நடக்காதா உங்க வாரியத்துல?"

"நடக்குமே! குழாய் பொளந்து தண்ணி பீச்சி அடிச்சா அது உடைப்பு. உடைப்புக்கு யாரையும் கேக்க வேண்டாம். நானே வால்வை மூடி, வெட்டி எடுத்து, புதுக் குழாய் போட்டுடுவேன். அரை நாள் வேலை."

"அப்ப உடைச்சுடுங்க."

"நான் உடைச்சா எம்மேல விசாரணை."

"நான் உடைக்கறேன்."

"உங்களைப் போலீஸ் பிடிக்கும். கைப்பிள்ளைக்காரி வேற."

"யார் உடைச்சா ஒண்ணும் ஆகாது?"

திருப்புளி பதில் சொல்ல நிமிர்ந்தார். தலைக்கு மேலே பந்தல்காரர்கள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். துணியில், 'முதல் கடப்பாரை: வாரியத் தலைவர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மூன்று பேரும் அதைப் படித்தார்கள். திருப்புளி குனிந்து தன் காலுக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்த்தார்.

"ஆனா பிரயோஜனம் இல்லை, தங்கச்சி" என்றார் திருப்புளி கடைசியில். "தலைவர் கடப்பாரையைப் பூ வைக்கிற மாதிரி வைப்பாரு. போன தடவை அவர் போட்ட இடத்துல எறும்புகூட நகரலை. இது பழைய வார்ப்பிரும்புக் குழாய், ஓங்கி விழுந்தா ஒரு அடி போதும். யாரு அவரை ஓங்கச் சொல்றது?"

மனைவி தன் புருஷனைப் பார்த்தாள். அவர் தன் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைப் பார்த்தார்.

திருப்புளி அன்று சாயங்காலம் ஒரு சாண் மண்ணை நாலு விரல் கனத்துக்குச் செதுக்கிவிட்டு, குழிக்கு இறங்க நல்ல அகலமாகப் படிவெட்டி, அடியில் சுண்ணாம்புப் பொடியால் பெருக்கல் குறி போட்டுவைத்தார். தலைவருக்கு வசதியாக இருக்கட்டுமே என்றுதான்.

புதன்கிழமை விழா. மாதிரிக் குழாய்க்கு மரியாதையாக அன்றைக்கு மட்டும் அந்தத் தெருவுக்கு நாள் முழுக்க முழு அழுத்தத்தில் தண்ணீர் விடச் சொல்லி உத்தரவு. யாரும் திறக்கக் கூடாது என்றும் அதே உத்தரவில் இருந்தது. பந்தலில் கூட்டம். தலைவர் சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து பேசினார்.

"பெரியோர்களே! தண்ணீர் இன்று வரும், நாளை போகும். குழாய் அப்படியா? குழாய் நிற்கும்! தண்ணீர் எங்கே, தண்ணீர் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். இத்தனை அழகான குழாயைக் கொடுத்த பிறகும் அதையே கேட்பவர்களை நான் என்ன சொல்ல? எங்கள் அலுவலகத்தில் நானூறு பேர் வேலை செய்கிறோம். நாற்பது ஆண்டுகளில் ஒருவருக்காவது தண்ணீரால் வயிற்றுவலி வந்தது உண்டா? இல்லை! ஏன்? நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதை வெளியிலிருந்து வாங்குகிறோம். பொதுமக்களுக்கு மட்டும் ஏன் இந்த முன்யோசனை இல்லை? ஒரு குழாய் ஏன் கெடுகிறது? ஆராய்ந்து பார்த்தோம். அதன் வழியாகத் தண்ணீர் போவதால் கெடுகிறது! அந்தக் காரணத்தையே நீக்கிய முதல் நகரம் நம் நகரம்!"

கை தட்டினார்கள். மாடிவீட்டம்மா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். "நல்லாப் பேசறாரு. மறைச்சு வைக்கத் தெரியலை பாவம்" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

தலைவர் குழிக்குள் இறங்கினார். கடப்பாரையை வாங்கினார். திருப்புளி சொன்னபடியே பூ வைக்கிற மாதிரி பெருக்கல் குறியின்மேல் வைத்தார். புகைப்படக்காரர் படம் எடுத்தார். முடிந்தது. மேலே வர ஒரு காலைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு நிமிஷங்க."

தையற்காரர் குழியின் ஓரத்தில் நின்றார். பின்னால், குழந்தையோடு மனைவி. தையற்காரர் கழுத்து டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒருவரின் உடுப்பைப் பற்றிப் பொது இடத்தில் குறை சொல்லப் போகிறார், சும்மாவா?

"நான் தையற்காரனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கோட்டு தோள்பட்டைல தொங்குது. கையைத் தாழ்த்திப் பிடிச்சா படத்துல சாக்கு மாட்டின மாதிரி விழும்."

தலைவர் தன் தோளைத் திரும்பிப் பார்த்தார். "சாக்கு மாதிரியா?"

"கையை நல்லா மேல தூக்குங்க. ஓங்கி ஒண்ணு போடுங்க. தோள் எடுப்பா நிக்கும்."

புகைப்படக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவர் சொல்றது சரிதாங்க. தொங்குது."

தலைவர் கடப்பாரையைத் தோள்வரை தூக்கிப் போட்டார். மண் தெறித்தது.

"தோள் வந்துடுச்சுங்க" என்றார் தையற்காரர். இப்போது அவருக்குக் கண்ணாடி முன்னால் வாடிக்கையாளரைத் திருப்பி நிறுத்துகிற குரல் வந்துவிட்டது. "முதுகுல மட்டும் ஒரு சுருக்கம் இருக்கு. தலைக்கு மேல தூக்கினா அதுவும் போயிடும். முழு பலத்தோட போடுங்க. ஆ, அப்படித்தான், இன்னும் மேல… இப்பப் போடுங்க!"

தலைவர் போட்டார்.

சத்தம் பெரிதாக இல்லை. பழைய பானை உடைகிற மாதிரி ஒரு 'டொப்'. அடுத்த நொடி பால் விடாத தேநீர் நிறத்தில் ஒரு தூண் குழியிலிருந்து எழுந்து பந்தல் துணியைத் தொட்டது. தலைவரைக் காணவில்லை. பிறகு தெரிந்தார். கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை, உடம்போடு ஒட்டிப் போயிருந்தது. அந்தத் தெருத் தண்ணீரை நேரில் முகர்ந்த முதல் வாரியத் தலைவர் அவர்தான். வாயையும் கொஞ்சம் திறந்துதான் வைத்திருந்தார்.

மக்கள் தொடர்பு அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "பாருங்கள், நம் வாரியத்தின் அழுத்தத்தை!" என்று கத்தினார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

திருப்புளி அதற்குள் வால்வை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். "உடைப்பு! உடைப்பு!" என்று அவர் கூவியதைக் கேட்டால், யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைப்பீர்கள்.

அன்று இருட்டுவதற்குள் விரிசல் விட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு, சாக்கடையிலிருந்து தள்ளிப் புதுக் குழாய் போட்டு முடித்தார். யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. பதிவேட்டில் உடைப்புக்குக் காரணம் என்ற இடத்தில் 'அடிக்கல்' என்று எழுதினார். விசாரணை வைத்தால் தலைவரைத்தான் கூப்பிடவேண்டும் என்பதால் அதையும் வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை காவலாளியைக் காணோம். விழா முடிந்துவிட்டதால் திட்டமும் முடிந்துவிட்டது என்று அவரை மாதிரிப் பூங்காவுக்கு மாற்றிவிட்டார்களாம். மனைவி சங்கிலியைக் கழற்றி இரண்டு ஜன்னலுக்கு நடுவே கட்டி, குழந்தையின் துணிகளைக் காயப்போட்டாள். குழாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் செம்மண் வந்தது. பிறகு நுரைத்துக்கொண்டு வெள்ளையாக வந்தது. பிறகு வந்தது கண்ணுக்கே தெரியவில்லை, வாளி நிறைவதை வைத்துத்தான் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அவள் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. பையும் இன்னும் வாசலில்தான் இருந்தது.

பாட்டில் பொண்ணு வந்து, குழாய் வாயைச் சுடரில் வாட்டி, இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள். "கிருமி இருக்கா இல்லையான்னு ஒரு நாள் வச்சுப் பாக்கணும். நாளைக்குச் சொல்றேன், அக்கா."

அன்றைக்கே அடுத்த தெருப் பெண்கள் ஒரு மனு எழுதி வாரியத்தில் கொடுத்தார்கள். எங்கள் தெருமுனையிலும் அடிக்கல் நாட்டவேண்டும், தலைவரே வரவேண்டும், ஓங்கிப் போடவேண்டும் என்று. அதற்கடுத்த தெருக்காரர்களும் கொடுத்தார்கள். ஒரே நாளில் பதினோரு மனு. அடிக்கல்மேல் மக்களுக்கு இவ்வளவு பற்றா என்று மூன்றாவது மாடி நெகிழ்ந்துபோனது. திருப்புளி கடைக்குப் போய் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி வாங்கினார். தையற்காரரிடமும், கை தாராளமாகத் தூக்க வருகிற மாதிரி ஒரு கோட்டு வேண்டும் என்று தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பாட்டில் பொண்ணு வந்தாள். இந்தத் தடவை பாட்டிலும் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை.

"என்னம்மா, நூத்துக்கு எவ்வளவு?" என்று தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மார்க்கெல்லாம் கிடையாதுண்ணே. குடிக்கலாம்."

மனைவி அதையும் ஒரு தடவை கொதிக்கவைத்து, ஆறவைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். குழந்தையை மடியில் சாய்த்து, சின்னக் கரண்டியில் பாதி எடுத்து வாயில் விட்டாள். குழந்தை அதை விழுங்கவில்லை. இது என்ன, பாலும் இல்லாமல், இனிப்பும் இல்லாமல் என்பதுபோல் வாயிலேயே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. பிறகு முக்கால்வாசியைக் கடைவாய் வழியாக வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை விழுங்கியது.

"உள்ள போச்சா?" என்றார் அவர்.

"போச்சு. அந்தப் பையை எடுத்து உள்ள வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் இரண்டாவது கரண்டியை எடுத்தாள். குழந்தை அதற்குள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.